நாயோடு பாரிஸ் போவதா, விட்டுவிட்டுப் போவதா? லண்டன்காரருக்கு ஓர் ஒப்பீடு

லண்டனில் இருக்கும் நம்மவர் பலருக்கு வெளிநாட்டு விடுமுறை என்றால் முதலில் வருவது பாரிஸ்தான். சித்தப்பா வீடு லா கூர்னேவில் இருக்கும், மச்சாள் வீடு போபினியில் இருக்கும். கலியாணம், பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு என்று ஏதாவது ஒரு சாட்டும் கிடைக்கும். முன்பெல்லாம் பிள்ளைகளையும் பலகாரப் பெட்டியையும் காரில் ஏற்றினால் பயணம் தொடங்கிவிடும். இப்போது பல வீடுகளில் நாயும் ஓர் ஆள். அதை என்ன செய்வது என்ற கேள்வி, டிக்கெட் போடுவதற்கு முதல் நாள் இரவுதான் பெரும்பாலும் எழும்புகிறது.

வழிகள் நான்கு. காரோடு சுரங்க ரயில், காரோடு கப்பல், விமானம், அல்லது நாயை இங்கேயே ஓரிடத்தில் விட்டுவிட்டுப் போவது. எல்லோரும் முதலில் ஒப்பிடுவது சுரங்கத்தின் கட்டணத்தையும் கப்பலின் கட்டணத்தையும். என்னைக் கேட்டால், ஒப்பீட்டை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும். போகும்போது பிரான்சில் தாள்களைக் காட்டினால் வேலை முடிந்தது. திரும்பி வரும்போதுதான் சல்லடை. பிரித்தானியாவுக்குள் ஒரு நாயை ஏற்றிவரும் நிறுவனமே அதன் தாள்களைச் சரிபார்க்க வேண்டும் என்பது இங்குள்ள ஏற்பாடு. பிழையான நாயை ஏற்றினால் கேள்வி அந்த நிறுவனத்துக்கு வரும். அதனால் அவர்கள் தயவு பார்ப்பதில்லை. திரும்பிவரும் நாள் எது, அதற்கு முன் எந்த ஊரில் இருப்பீர்கள் என்பதை வைத்துத்தான் வழியைத் தெரிவுசெய்ய வேண்டும்.

எந்த வழியில் போனாலும் மாறாத வேலைகள் சில உண்டு. 2021 ஜனவரி 1 முதல், பிரித்தானியாவில் முன்பு கொடுத்த ஐரோப்பிய செல்லப்பிராணிக் கடவுச்சீட்டு செல்லாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக ஒரு விலங்கு நலச் சான்றிதழ் எடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் நாளுக்கு முந்திய 10 நாட்களுக்குள் அதை எடுக்க வேண்டும். உங்கள் வழமையான மிருக வைத்தியர் எல்லோராலும் அதில் கையெழுத்திட முடியாது. அரசு அங்கீகாரம் பெற்ற வைத்தியராக இருக்க வேண்டும். வரவேற்பில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். கட்டணம் வைத்தியசாலைக்கு வைத்தியசாலை மாறும். 100 பவுண்ஸ் முதல் 250 பவுண்ஸ் வரை கேட்கிறார்கள், ஆகவே இரண்டு மூன்று இடங்களில் விசாரிப்பது வீண்போகாது. ஒரு சான்றிதழில் ஐந்து பிராணிகள் வரை சேர்க்கலாம். வீட்டில் இரண்டு நாய் என்றால் இரண்டு சான்றிதழ் எடுக்கத் தேவையில்லை.

சான்றிதழுக்கு முன் வேறு இரண்டு வேலைகள். கழுத்தடியில் மைக்ரோசிப் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2016 முதலே அது கட்டாயம் என்பதால் அநேகமாக இருக்கும். அதற்குப் பிறகுதான் ரேபீஸ் தடுப்பூசி, அதாவது விசர் நாய்க்கடி ஊசி. வரிசை முக்கியம். சிப் வைப்பதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. முதல் ஊசி போட்ட பின் 21 நாள் பொறுக்க வேண்டும். நாய்க்கு 12 வாரமாவது ஆகாமல் அந்த ஊசி போட முடியாது. ஆக, ஏப்ரலில் வாங்கிய குட்டியை ஏப்ரல் கடைசியில் கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகும் யோசனையை இப்போதே விட்டுவிடலாம்.

பலருக்குப் பிடிபடாத ஒன்று, சான்றிதழின் மொழி. ஆங்கிலத்தோடு, ஐரோப்பாவில் நீங்கள் முதலில் காலடி வைக்கும் நாட்டின் மொழியிலும் அது இருக்க வேண்டும். கலேயில் இறங்கினால் பிரெஞ்சு. நெதர்லாந்தின் ஹூக் வான் ஹொலண்டில் இறங்கினால் டச்சு. வைத்தியரிடம் போன பிறகு வழியை மாற்றினால் தாளும் மாறும், காசும் இன்னொரு முறை போகும். எனவே வழியை முடிவுசெய்வது முதல் வேலை, வைத்தியர் அதற்குப் பிறகு.

இனி அந்தத் திரும்பும் வழிச் சல்லடை. ஐரோப்பிய நரிகளில் ஒரு வகை நாடாப்புழு உண்டு, எக்கினோகொக்கஸ் மல்டிலொகுலாரிஸ் என்று பெயர். மனிதருக்குத் தொற்றினால் ஈரலில் கட்டிபோல் பரவும். பிரித்தானியாவில் அது இல்லை, வரவும் விடக்கூடாது என்பதில் அரசு கண்டிப்பாக இருக்கிறது. அதனால் நாய் பிரித்தானியாவுக்குள் திரும்ப நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஒரு வைத்தியர் கையால் புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். வீட்டில் நீங்களே சீஸுக்குள் வைத்துக் கொடுத்தது செல்லாது. மருந்தின் பெயர், தயாரித்த நிறுவனம், தேதி, நேரம், முத்திரை, கையெழுத்து எல்லாம் சான்றிதழில் ஏற வேண்டும். நேரத்தை எழுத மறந்துவிடும் வைத்தியர்கள் உண்டு. மேசையை விட்டு எழும்ப முன் அந்தக் கட்டத்தை ஒருதரம் பாருங்கள். கலே எல்லையில் நின்றுகொண்டு அதைத் திருத்த முடியாது.

கணக்கு இப்படி. ஞாயிறு பின்னேரம் 6 மணிக்கு இங்கே நுழைவதாக இருந்தால், மருந்து கொடுக்க வேண்டியது செவ்வாய் பின்னேரம் 6 மணிக்கும் சனி பின்னேரம் 6 மணிக்கும் இடையில். ஞாயிற்றுக்கிழமை பிரான்சில் மிருக வைத்தியரைப் பிடிப்பது பாடு. ஓகஸ்டில் கேட்கவே வேண்டாம், பாதி ஊர் விடுமுறையில் போயிருக்கும். வியாழன் அல்லது வெள்ளி நேரம் வாங்கி வைப்பதுதான் புத்தி. அதையும் லண்டனில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். மச்சாள் வீட்டில் பிரெஞ்சு பேசும் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். போன் எடுக்கும் வேலையை அதனிடம் கொடுங்கள்.

குறுகிய பயணத்துக்கு ஒரு விலக்கு உண்டு. பலருக்கு இது தெரியாது. ஐந்து நாளுக்குள் திரும்புவதாக இருந்தால் லண்டன் வைத்தியரே புறப்படுமுன் புழு மருந்தைக் கொடுத்துப் பதிந்துவிடலாம். வெள்ளி மத்தியானம் 12 மணிக்குக் கொடுத்தால், புதன் மத்தியானம் 12 மணிக்குள் திரும்ப வேண்டும், மருந்துக்கும் நுழைவுக்கும் நடுவில் 24 மணி நேரமாவது இருக்க வேண்டும். திரும்பியபின் 28 நாளுக்குள் இன்னொரு முறை மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். வார இறுதிக் கலியாணத்துக்குப் போய் வருபவருக்கு இதைவிட வசதி கிடையாது. பிரெஞ்சு வைத்தியரையே பார்க்கத் தேவையில்லை. முதல் தடவை கூட்டிப்போகிறவர்கள் நான்கு நாள் பயணத்தோடு தொடங்க வேண்டும் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

சுரங்க ரயில், அதாவது யூரோடனல் லீ ஷட்டில். ஃபோக்ஸ்டனில் காரோடு ரயிலுக்குள் ஏறுகிறீர்கள், 35 நிமிடத்தில் கலேக்குப் பக்கத்தில் கொக்கெல்லில் இறங்குகிறீர்கள். நாய் காரைவிட்டு இறங்குவதே இல்லை, நீங்களும் அதோடுதான் இருக்கிறீர்கள். நாய்க்கு இதைவிட முக்கியமான வேறு ஒன்றும் இல்லை. அதற்கு ரயில் தெரியாது, கடல் தெரியாது. கார் நின்றது, இரைச்சல் கேட்டது, கார் திரும்பவும் ஓடியது, அவ்வளவுதான். இரண்டு கரையிலும் நாயை நடத்த ஒதுக்கிய புல்தரை இருக்கிறது. குறை என்றால் விலை. பள்ளி விடுமுறை வெள்ளிக்கிழமைகளில் கட்டணம் கப்பலைவிட நன்றாக ஏறும், நாய்க்கும் தனிக் கட்டணம் உண்டு. டிக்கெட் போடும்போதே நாயைச் சேர்க்க மறக்க வேண்டாம். இதோடு யூரோஸ்டாரைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். செயின்ட் பங்க்ரசிலிருந்து பாரிசுக்குப் போகும் அந்தப் பயணிகள் ரயிலில், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய் போன்ற உதவி நாய்களைத் தவிர வேறு நாய்க்கு இடமில்லை.

திரும்பும்போது கலே பக்கத்தில் செல்லப்பிராணி வரவேற்பு என்று தனிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. காருக்கான பதிவுக்குப் போகுமுன் அங்கே போக வேண்டும். ஊழியர் சிப் வாசிக்கும் கருவியை உங்கள் கையில்தான் தருவார், நாயை அவர்கள் தொடுவதில்லை. தோள்பட்டைகளுக்கு நடுவில் மெல்லத் தடவ வேண்டும். கீச்சென்று சத்தம் வந்து பதினைந்து இலக்க எண் திரையில் தெரிந்தால் நிம்மதி. சில நாய்களுக்கு சிப் இடம் பெயர்ந்து முன்னங்கால் தோள் வரை இறங்கியிருக்கும். பின்னால் வரிசை காத்திருக்க, நாய் துள்ள, சத்தம் வராமல் தேடுவது நல்ல அனுபவமில்லை. லண்டன் வைத்தியரிடம் சான்றிதழுக்குப் போகும்போது சிப் எந்த இடத்தில் வாசிக்கிறது என்று கையால் தொட்டுக் காட்டச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் மலிவு, டோவரிலிருந்து கலேக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். காசை மட்டும் பார்த்தால் இதுதான். ஆனால் வழமையான ஏற்பாட்டில் நாய் கார்த் தளத்தில் காருக்குள் தனியே இருக்க வேண்டும், ஓடும் நேரத்தில் அந்தத் தளம் பூட்டியிருக்கும், நீங்கள் இறங்கிப் பார்க்க முடியாது. இரும்புச் சத்தம், பக்கத்துக் கார்களின் எச்சரிக்கை ஒலி, டீசல் மணம். தூங்குமூஞ்சி லாப்ரடோருக்கு இது ஒன்றுமில்லை. கதவு மணி அடித்தாலே கட்டிலுக்கடியில் புகும் நாய்க்கு இது தண்டனை. பி அண்ட் ஓ கப்பல்களில் நாயோடு உட்காரத் தனி லவுஞ்ச் இருக்கிறது, முன்பதிவு செய்தால் கயிற்றோடு கூட்டிப்போய் யன்னலோரம் இருக்கலாம். அந்தக் கட்டணத்தையும் கூட்டிவிட்டு சுரங்கத்தோடு ஒப்பிடுங்கள். விலை வித்தியாசம் நினைத்த அளவுக்கு இருக்காது.

டூட்டிங், மிச்சம், குரோய்டன் பக்கம் இருப்பவர்களுக்கு நியூஹேவனிலிருந்து டியெப் போகும் கப்பலும் உண்டு. நான்கு மணி நேரம். டியெப்பிலிருந்து பாரிஸ் கலேயைவிடக் கிட்ட. நாய் காருக்குள்ளேயே இருக்க நேர்ந்தால் நான்கு மணி நேரம் என்பதுதான் இடிக்கிறது. ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் இருந்து ஜெர்மனிக்கோ நெதர்லாந்துக்கோ போகிறவர்கள் மட்டும் ஹார்விச்சிலிருந்து ஹூக் வான் ஹொலண்ட் போகும் ஸ்டெனா லைன் கப்பலை யோசிக்கலாம். இரவுப் பயணம், நாயோடு படுக்கும் கபின் தனியாக இருக்கிறது. ஜெர்மனியின் ஹம் நகரில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு விடிய இறங்கி மூன்று மணி நேரம் போல ஓடினால் சரி. அந்தக் கபின்கள் எண்ணிக்கையில் குறைவு, கோடைக்கு மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். கார் இல்லாதவருக்கும் இந்த வழி உதவும். நாயோடு நடந்து ஏறலாம், மறுகரையில் ரொட்டர்டாமுக்கு மெட்ரோ நிற்கும்.

விமானத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. போகும்போது சிறிய நாயைக் கபினில் ஏற்றும் நிறுவனங்கள் சில இருக்கின்றன. திரும்பும்போது பிரித்தானியாவுக்குள் நாய் கபினிலோ பயணப் பொதியாகவோ வர முடியாது, சரக்காகத்தான் வர வேண்டும். முகவர் கட்டணம், சுங்கம், ஹீத்ரோ விலங்கு வரவேற்பு நிலையம் என்று பல நூறு பவுண்ஸ் போகும். பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்களைப் பல நிறுவனங்கள் ஏற்றுவதேயில்லை. பாரிஸ் வரைக்கும் போய்வர இந்தப் பாடு தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போகலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். செல்லப்பிராணிகள் சுலபமாக நுழையலாம் என்று பிரித்தானியா வைத்திருக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. திரும்ப வர ரேபீஸ் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். அதைப் புறப்படுமுன் முடிக்காவிட்டால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவும் நேரும். நான்கு கிழமை லீவில் போகிறவர் நாயை விட்டுவிட்டுப் போவதே நாய்க்குச் செய்யும் நல்லது.

அந்த நான்காவது வழியை யாரும் மதிப்பதில்லை, ஏதோ நாயைக் கைவிடுவதுபோல் பிள்ளைகள் முகத்தைத் தூக்குவார்கள். ஆனால் பாரிசில் நாயின் நாள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். சித்தப்பாவின் வீடு நான்காம் மாடியில் இரண்டு அறை, சாமிப் படம் வைத்த அலமாரிக்குப் பக்கத்தில் நாய் போனால் சித்தி ஒன்றும் சொல்லமாட்டா, ஆனால் முகம் மாறும். கலியாண மண்டபத்துக்கு நாயைக் கொண்டுபோக முடியாது. ஓகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் லா ஷப்பெல் மாணிக்க விநாயகர் தேருக்குப் போகிறீர்கள் என்றால், தெருவெல்லாம் சனம், மேளம், வீதியில் மலைபோல் குவித்த தேங்காய்களைப் போட்டு உடைக்கும் சத்தம். நாய் அங்கே இருக்கக்கூடாது. அப்படியென்றால் அது தெரியாத வீட்டில் பூட்டிக் கிடக்கும், குரைக்கும், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். உறவுக்காரரைப் பார்க்கவும் சடங்குக்கும்தான் பயணம் என்றால் நாயை விட்டுவிட்டுப் போங்கள் என்பது என் கட்சி. நோர்மண்டியில் ஒரு கடற்கரை வீடு எடுத்து, காலையும் மாலையும் நடந்து, வழியில் மட்டும் சித்தப்பா வீட்டில் சாப்பிட்டு வருவதாக இருந்தால், கூட்டிப்போங்கள்.

விடும் இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கிலாந்தில் காசு வாங்கி நாயை வைத்துப் பார்க்கும் இடம், நாய்க் காப்பகமோ வீடோ, உள்ளூர் சபையிடம் உரிமம் எடுத்திருக்க வேண்டும், 2018 விதிகளின்படி ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் போடுகிறார்கள். உரிம எண்ணைக் கேட்டால் நல்ல இடத்துக்காரர் சங்கடப்படமாட்டார். பல இடங்களில் நாய் இருமலுக்கான மூக்குச் சொட்டு மருந்து கேட்பார்கள், அதைக் கடைசி நாளில் கொடுத்துப் பயனில்லை. நீண்ட பயணத்துக்கு முன் ஓர் இரவு விட்டுப் பார்த்தால் நாயின் சாப்பாட்டிலிருந்தே விடை தெரியும்.

கூட்டிப்போவதாக முடிவெடுத்தால் ஊரைத் தெரிவதிலும் வித்தியாசம் உண்டு. வட பிரான்சும் தெற்குப் பிரான்சும் நாய்க்கு ஒன்றல்ல. மத்தியதரைக் கடற்கரைப் பக்கம், ஸ்பெயின், இத்தாலி எல்லாம் மணல் ஈயால் பரவும் லீஷ்மேனியா நோய் இருக்கும் இடங்கள். பிடித்தால் வாழ்நாள் மருந்து. நுளம்பால் பரவும் இதயப் புழுவும் அங்கே உண்டு. பைன் மரக் காடுகளில் மாசி பங்குனி மாதங்களில் வரிசையாக ஊர்ந்து போகும் மயிர்க்கொட்டிகளை நாய் மோந்தால் நாக்கு வெந்துபோகும். பிரான்சின் உண்ணிகள் பபீசியா என்ற இரத்த நோயைக் கொண்டுவரும். 2016இல் எசெக்சில் ஹார்லோவில், வெளிநாடே போகாத நாய்களுக்கு அது வந்ததும் நடந்திருக்கிறது. உண்ணிக்கும் மணல் ஈக்கும் வேறு வேறு மருந்து, போகும் ஊரின் பெயரைச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். முதல் பயணம் வடக்கே இருக்கட்டும்.

சாப்பாட்டிலும் ஒரு பொறி. பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியோ பாலோ கலந்த உணவைக் கொண்டுபோக முடியாது, நாய்ச் சாப்பாடும் அதில் அடக்கம். வைத்தியக் காரணத்துக்கான சிறப்பு உணவுக்கு மட்டும் 2 கிலோ வரை விலக்கு. நாய்க்கென்று கட்டிவைத்த கோழிச் சோறும் இங்கேயே நிற்கும். கலேயில் இறங்கியதும் சூப்பர்மார்க்கெட் ஒன்றில் வாங்குங்கள், வயிறு ஒத்துக்கொள்ளுமா என்று அறிய அதே பிராண்டை லண்டனில் ஒரு கிழமை முன்பே கொஞ்சம் கலந்து பழக்கலாம்.

பிரெஞ்சு வைத்தியரிடம் ஐரோப்பியக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் சான்றிதழ் செலவில்லை என்று யாராவது சொல்வார்கள். பிரித்தானியாவில் வசிப்பவருக்கு அந்தக் கதவு இறுகி வருகிறது, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். 2025 மே மாத லண்டன் உச்சிமாநாட்டில் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் செல்லப்பிராணிப் பயணத்தைச் சுலபமாக்கப் பேசினார்கள். அது நடைமுறைக்கு வரும்வரை சான்றிதழ்தான் வழி. புறப்படுமுன் அரசின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், விதிகள் மாறும்.

ஆக, சுமார் நாய், சுமார் குடும்பம், முதல் பயணம் என்றால் நான் போடும் வரிசை இது. நான்கு நாள், வட பிரான்ஸ், சுரங்க ரயில், லண்டனிலேயே கொடுத்த புழு மருந்து. நாய் அமைதியானது, கையில் காசு இறுக்கம் என்றால் லவுஞ்ச் பதிவோடு டோவர் கப்பல். நாய்க்குப் பத்து வயது தாண்டிவிட்டது, மூச்சிரைப்பு, அல்லது பயணமே சடங்குக்கு என்றால் உரிமம் உள்ள வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். வழி தீர்ந்தவுடன் வைத்தியருக்கு அழைத்து, போகும் தேதிக்கு முந்திய பத்து நாளுக்குள் நேரம் கேளுங்கள். ஜூலையில் அந்த நேரங்கள்தான் முதலில் முடிகின்றன.